முன் அனுபவம்

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
பராமரிப்பு வேலையில் முன் அனுபவம் உண்டா?
உண்டெனில் எத்தனை வருடம், எந்த நிறுவனம்.

பன்னிரண்டு என்று எழுதினேன்.
சரியான கணக்கு பதினான்கு;
குவைத்தில் இருந்த இரண்டைக் கழித்துவிட்டேன்.
அந்த இரண்டிலும் அம்மா புரட்டினா. பிறகு அம்மாவும் இல்லை.
நிறுவனம் என்ற இடத்தில் பேனை நின்றது.
முத்தையன்கட்டு, இடதுகரை வாய்க்கால்,
தகரக் கூரையில் தேக்கஞ்சருகு கிடக்கிற வீடு,
யன்னலோரம் ஒரு கட்டில்.
அதையா எழுதுவது?

கட்டிலில் கஜரூபன், என்ர தம்பி.
நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் தெரியாது.
நெஞ்சுக்கு மேலே எல்லாம் தெரியும்:
கிரிக்கெட் புள்ளிகள், டொலர் விலை,
நான் எந்த நாளில் பொய் சொல்கிறேன் என்பதும்.

குவைத்தில் என்னோடு
ஒரே சமையலறைக் கதவுக்குப் பின்னால் படுத்தவள் மாரிவிக்,
இலோய்லோக்காரி.
எங்களுக்குப் பொதுவாய் இருந்தது அரைகுறை அரபும் சோறும்.
சோற்றைக் கருவாட்டோடு தின்பவளை நம்பலாம் என்று நினைத்தேன்.
இப்போது அவள் இங்கிலாந்தில்,
என் வாயில் நுழையாத ஒரு ஊரின் முதியோர் இல்லத்தில்.
குரல் பதிவு அனுப்பினாள்:
மலா, எங்கட இடத்தில் ஆள் காணாது, ஸ்பொன்சர் தருகினம்.

கிளிநொச்சி ஏஜென்சிக்காரன்
கல்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தான்,
தொகையை வாயால் சொல்லக் கூசினவன் போல.
லான்ட்மாஸ்டர் போனது. அம்மாவின் காப்புப் போனது.
காணி உறுதி ஒட்டுசுட்டானில் ஒரு வட்டிக்காரியின் அலுமாரியில்.

நேர்முகம் வாட்ஸ்அப்பில், பின்னேரம் நாலரைக்கு.
சிக்னல் பிடிக்கிற ஒரே இடம் தம்பியின் யன்னல்.
ஃபோனைத் தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.
வெள்ளைக்காரி கேட்டாள்:
வலியில் இருக்கும் ஒருவரை எப்படித் திருப்புவீர்கள்?
பாடமாக்கிய பதில் தொண்டை வரை வந்தது,
முதலில் அனுமதி கேட்பேன் என்று தொடங்குகிற பதில்.
அப்போது தம்பியின் பழைய நோக்கியா அடித்தது,
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அடிக்கிறது.
நான் யோசிக்கவில்லை. கை போய்விட்டது.
முழங்காலை மடித்து, தோளில் ஒன்று இடுப்பில் ஒன்று,
"புரட்டட்டே?"
"ம்."
துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து,
கால்களுக்கிடையில் தலையணை செருகி,
முதுகின் அடியில் சிவப்பு இருக்கோ என்று பார்த்துத்
திரும்பினால்
திரையில் அவள் பேனையைக் கீழே வைத்திருந்தாள்.
நல்லது, என்றாள்.
பிறகு, இதற்குச் சான்றிதழ் இருக்கிறதா, என்றாள்.

வவுனியாவில் பதினையாயிரத்துக்குக் கடிதம் கிடைத்தது.
நான் கால் வைக்காத ஒரு இல்லத்தில்
இரண்டு வருடம் திருப்திகரமாக வேலை செய்திருக்கிறேன்.
முத்திரை நல்ல நீலம்.
தம்பி வாசித்துவிட்டுச் சிரித்தான், இருமல் வரும் வரை:
"இவ்வளவு வருசம் என்னோட மினக்கெட்டதுக்கு
நானும் ஒரு கடிதம் தந்திருப்பன்.
என்னட்டைச் சீல் இல்லை."

முள்ளியவளையிலிருந்து சோபிகா வந்திருக்கிறாள்.
மாதம் நாற்பதாயிரம், சாப்பாடு, படுக்க இடம்.
வேலை பழகுகிறாள், அவன் உடம்பில்.
சுடுசட்டியைத் தொடுவது போலத் தொடுகிறாள்.
"இறுக்கிப் பிடி தங்கச்சி, உடையமாட்டன்" என்கிறான்.
அவளுக்கும் ஒரு பிள்ளை, மூன்று வயது.
யார் பார்க்கிறது என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் இன்னொரு படிவம் தொடங்கும்.

மாரிவிக்கிடம்தான் கேட்டேன்,
அங்கே போன பிறகு இந்தக் கை என்ன செய்யும் என்று.
பகல் ஒன்றரைக்கு அவளுடைய ஃபோன் அடிக்குமாம்.
இலோய்லோவில் அப்போது இரவு எட்டரை,
தாய்க்குப் பிரஷர் குளிசை.
கொடுக்கிறது வேறு யாரோ.
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாளாம்,
ஈரக்கையால் நிப்பாட்டுவாளாம்.

நேற்று இரவு இரண்டு மணி. நோக்கியா அடித்தது.
சோபிகா எழும்பட்டும் என்று கண்ணை மூடிக் கிடந்தேன்.
அடித்தது. அடித்தது.
அடுத்த பாயில் அவள் அசைந்தாள்.
இருட்டுக்குள் தம்பி சொன்னான்,
எங்கள் இருவரில் யாருக்கென்று தெரியவில்லை:
"அவசரமில்லை. முழிச்சுத்தான் இருக்கிறன்."